ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கி: கேள்விகள் இலவச இணைப்பு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடு, மொட்டைமாடித் தோட்டம், பக்கத்தில் ஒரு குளமோ வாய்க்காலோ, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாம். தயிரில் இருக்கும் பாக்டீரியாவைப் பார்க்க வேண்டும், ரத்தத்தில் கிருமி தேட வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பணமும் போகும், பொறுமையும் போகும்.

பெட்டியில் எழுதியிராத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாங்கிய முதல் வாரம் குறிப்பேட்டில் ‘வெங்காயத் தோல்’, ‘கொசு இறக்கை’, ‘பூஞ்சை’ என்று வரிசையாகப் பெயர்கள் விழும். இரண்டாவது மாதம் அதே ஆள் ‘என்னவென்று தெரியவில்லை’ என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார். இதைக் குறையாக நினைத்துக் கருவியை மூட்டைகட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கருவியின் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதால், மதிப்புரையில் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

கருவி என்ன என்று சுருக்கமாக: தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் உருவாக்கியது. மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து ஐஐடி கான்பூரில் படித்தவர். 2014-இல் ‘ப்ளாஸ் ஒன்’ ஆய்விதழில் வடிவமைப்பு வெளியானது. ஒரு டாலருக்கும் குறைவான பொருட்செலவில் செய்ய முடியும் என்று அதில் காட்டியிருந்தார்கள். அது பாகங்களின் செலவு மட்டுமே. கடையில் பெட்டியாக வரும்போது விலை பல மடங்கு ஏறியிருக்கும். ஒரு டாலர் என்ற செய்தியைப் படித்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் இதனால் ஏமாற்றமடைவது வழக்கம்.

உள்ளே இருப்பது ஒரே ஒரு லென்ஸ், அதுவும் கோலிக்குண்டு போல முழு உருண்டை. 140 மடங்கு பெரிதாக்கும் வடிவத்துக்கு 2.4 மி.மீ. விட்டமுள்ள போரோசிலிகேட் கண்ணாடி உருண்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் குவியத் தூரம் சுமார் 1.76 மி.மீ. வரும். தெளிவாகப் பார்க்கும் தூரமான 250 மி.மீ.யை அதால் வகுத்தால் 142. பெட்டியில் போட்டிருக்கும் 140 என்ற எண் நேர்மையானது. இதைச் சொல்லக் காரணம், பொம்மைக் கடையில் ‘1200 எக்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கிகளின் எண் அப்படிப்பட்டதல்ல. அவற்றில் படம் பெரிதாகும், விவரம் கூடாது. மங்கலான புகைப்படத்தை விரலால் விரித்துப் பார்ப்பது போலத்தான். ஃபோல்ட்ஸ்கோப்பில் இரண்டு மைக்ரான் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி 50 முதல் 100 மைக்ரான், ரத்தச் சிவப்பணு 7 முதல் 8, தயிர் பாக்டீரியா ஒன்றிரண்டு. எதைப் பார்க்க முடியும், எதை முடியாது என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஒற்றை லென்ஸ்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் பார்த்த லேவன்ஹூக், 1670-களில் குளத்து நீரில் நுண்ணுயிர்களைக் கண்டது இதே மாதிரி ஒற்றை லென்ஸில்தான். இன்றைக்கு எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் சிறந்தது சுமார் 266 மடங்கு பெரிதாக்கும். உங்கள் கையில் இருப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மடிப்பது கடினமில்லை. நீர் புகாத தாளில் துளையிட்ட கோடுகள் இருக்கும். கிழிக்காமல், கோட்டை நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டு மடித்தால் சுத்தமாக வரும். அவசரமில்லாமல் செய்தால் அரை மணிக்குள் முடியும். மடித்த பிறகு இரண்டு கட்டைவிரலால் தாளை நகர்த்தினால், பார்க்கும் பொருளைத் தாங்கும் ஸ்லைடு இடம் வலம் போகும். இன்னொரு பகுதியை இழுத்தால் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள தூரம் மாறி ஃபோகஸ் ஆகும். லென்ஸ் பக்கத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், புருவ முடி உரசுகிற அளவுக்கு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் ஃபோகஸிலேயே சரியாகிவிடும்.

பலர் ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று சொல்வதற்கு முக்கியக் காரணம், ஸ்லைடைத் தலைகீழாகச் செருகுவது. உருண்டை லென்ஸின் முகப்பிலிருந்து பொருள் இருக்க வேண்டிய தூரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கண்ணாடி ஸ்லைடின் தடிமனோ ஒரு மில்லிமீட்டர். கவர் ஸ்லிப் (பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) இருக்கும் பக்கம் லென்ஸைப் பார்த்து இருந்தால், நடுவில் 0.17 மி.மீ. கண்ணாடி மட்டுமே, ஃபோகஸ் வரும். திருப்பிப் போட்டால் என்ன செய்தாலும் வராது. அதே காரணத்தால் தடித்த பொருளும் ஆகாது. முழு எறும்பை வைத்துத் தலையும் காலும் சேர்ந்து தெரியவேண்டும் என்று போராடுவதில் பயனில்லை. காலை மட்டும் வையுங்கள்.

வெளிச்சம் அடுத்தது. வானத்தை, வெள்ளைச் சுவரை, எல்ஈடி விளக்கை நோக்கிப் பிடிக்கலாம். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

போனில் காந்த வளையம் ஒட்டி, அதில் கருவியைப் பொருத்திப் படம் எடுப்பது நேராகக் கண்ணால் பார்ப்பதைவிட வசதி. கை நடுக்கம் குறையும், நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். மூன்று கேமரா உள்ள போன்களில் வளையத்தை முதன்மைக் கேமராவின் நடுவில் ஒட்ட வேண்டும். தானாக மேக்ரோவுக்கு மாறும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போன் பக்கத்துக் கேமராவுக்குத் தாவி, திரை கறுத்துவிடும். 2 மடங்கு ஜூம் வைத்தால் சுற்றியிருக்கும் கறுப்பு வளையம் வெட்டுப்படும். ஓரங்கள் எப்படியும் கலங்கலாகத்தான் இருக்கும். உருண்டை லென்ஸின் இயல்பு அது: நடுவிலும் ஓரத்திலும் நுழையும் ஒளி ஒரே இடத்தில் குவியாது. படத்தின் நடு மூன்றிலொரு பங்கை மட்டும் நம்புங்கள்.

முக்கியமான ஒரு துணைக்கருவி பெரும்பாலானோர் கையில் இருக்காது. அதை மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கலாம்: ஒரு சாண் நீளம் 40-ஆம் எண் செப்புக் கம்பி. 40 எஸ்டபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்முறை) கம்பியின் விட்டம் 0.122 மி.மீ., அதாவது 122 மைக்ரான். பிளேடால் எனாமலைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டைக் கவர் ஸ்லிப்புக்கு அடியில் வைத்து, எப்போதும் பயன்படுத்தும் அதே ஜூமில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் கம்பியின் அகலம் 300 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.4 மைக்ரான். இனி எந்தப் படத்தில் எதைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடலாம். அளவு இல்லாமல் ‘நீளமாக, பச்சையாக ஒன்று’ என்று எழுதிய குறிப்பை நாளைக்கு உங்களாலேயே பயன்படுத்த முடியாது. இந்த அளவுகோலைப் பெட்டியிலேயே வைத்து, கையேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால் இந்தக் கருவிக்கு இன்னும் ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.

வெங்காயம், பட்டாம்பூச்சி இறக்கைச் செதில், செம்பருத்தி மகரந்தம் (முள்முள்ளாக, 100 மைக்ரானுக்கு மேல்) எல்லாம் முதல் நாளே அழகாகத் தெரிந்துவிடும். அவற்றைப் பற்றிப் பக்கம் நிரப்ப வேண்டியதில்லை. முதலில் பழக வேண்டியது காற்றுக் குமிழியைத்தான். புதிதாகப் பார்ப்பவர் செல் என்று காட்டும் வட்டங்களில் பாதி குமிழிகள். குமிழிக்குத் தடித்த கறுப்பு விளிம்பு இருக்கும், உள்ளே வெறிச்சென்று இருக்கும், கவர் ஸ்லிப்பை ஊசியால் தட்டினால் உருமாறும் அல்லது ஓடும். கவர் ஸ்லிப்பை 45 பாகையில் சாய்த்து, ஒரு விளிம்பு நீரைத் தொட்டதும் மெல்லப் படுக்கவிட்டால் குமிழி குறையும். அதேபோல் திரையில் மிதக்கும் நூல் போன்றவை: ஸ்லைடை நகர்த்தினால் கூடவே நகர்ந்தால் ஸ்லைடில் இருக்கிறது, நகராமல் நின்றால் லென்ஸில் தூசி, கண்ணை அசைத்தால் அசைந்தால் உங்கள் கண்ணுக்குள் இருப்பது. பருத்தி இழை முறுக்கிய நாடா போலிருக்கும், பாலியெஸ்டர் வழவழப்பான கம்பி போலிருக்கும். இரண்டும் எந்த நீரில் பார்த்தாலும் கிடக்கும். நம் சட்டையிலிருந்து உதிர்ந்தவை.

இனி மஞ்சள் தூள். ஃபோல்ட்ஸ்கோப் வாங்குபவர்களில் நிறையப் பேர் கலப்படம் கண்டுபிடிக்கத்தான் வாங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டுகிற அளவு தூள், ஒரு சொட்டுத் தண்ணீர், கவர் ஸ்லிப். அதற்கு மேல் தூள் போட்டால் இருட்டுதான் தெரியும். முதலில் எதுவும் சேர்க்காமல் பார்க்க வேண்டும்: ஒழுங்கில்லாத மஞ்சள் கட்டிகள், நடுநடுவே நார்த் துணுக்குகள். பிறகு மருந்துக்கடையில் காயத்துக்குத் தரும் போவிடோன் அயோடின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, எதிர் விளிம்பில் டிஷ்யூ தாளால் உறிஞ்சினால் அயோடின் உள்ளே பாயும். மஞ்சள் கட்டிகள் கருநீலமாக மாறும். இங்கே முதல் நாள் ஆள் குதிப்பார்: ‘மாவு! கலப்படம்!’

மாவுச்சத்துதான், சந்தேகமில்லை. ஆனால் மஞ்சள் கிழங்கே மாவுச்சத்து நிறைந்தது. சுத்தமான மஞ்சளும் அயோடினுக்குக் கருநீலமாகத்தான் ஆகும். எனவே நிறம் மாறியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கொஞ்சம் படித்தவர் அடுத்த படிக்குப் போவார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வெட்டியதும் வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றித்தான் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். வெந்ததால் உள்ளே இருந்த மாவுமணிகள் ஊதிக் கூழாகி ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆகவே மஞ்சள் தூளில் தனித்தனியாக, உருக்குலையாத மாவுமணிகள் தெரிந்தால் அவை வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். இது நல்ல சோதனை. மணிகளின் உருவத்தை வைத்து எந்த மாவு என்றுகூட ஊகிக்கலாம். அரிசி மாவுமணி 3 முதல் 8 மைக்ரான், மூலைமூலையாக, கொத்தாக இருக்கும். மக்காச்சோளம் 5 முதல் 25, நடுவில் ஒரு புள்ளி அல்லது நட்சத்திர வெடிப்பு. மரவள்ளி 5 முதல் 35, ஒரு பக்கம் சீவிவிட்ட உருண்டை. உருளைக்கிழங்கு பெரியது, 100 மைக்ரான் வரை போகும், சிப்பி ஓட்டில் இருப்பது போல வளையங்களோடு. ஒவ்வொரு மாவையும் வீட்டிலேயே தனியாக ஸ்லைடு போட்டு, கம்பி அளவுகோலோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. இந்தப் படத்தொகுப்பு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது போலிருக்கும். மூன்றாவது படியில் மறுபடி கலங்கும். புழுங்கல் அரிசி மாவைக் கலந்திருந்தால்? நெல்லாக இருக்கும்போதே வெந்தது அது. அதன் மாவுமணிகளும் கூழாகிக் கட்டியாகத்தான் கிடக்கும், மஞ்சள் கட்டியோடு கட்டியாகக் கலந்துவிடும். எதிர்ப்பக்கத்தில், வேகவைக்காமல் பச்சையாகச் சீவி உலர்த்திய மஞ்சளும் உண்டு. அதில் உருக்குலையாத மணிகள் நிறைய இருக்கும், கலப்படம் ஒரு துளியும் இல்லாமலேயே. ஆக, மணி தெரிந்தால் குற்றம் என்றும் சொல்ல முடியாது, தெரியாவிட்டால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. மெட்டானில் மஞ்சள் போன்ற சாயம் சேர்ந்திருந்தால் எந்த லென்ஸிலும் தெரியாது. அது வேதியியல் சோதனைக்குரியது. சுண்ணாம்புக்கல் பொடி மட்டும் கொஞ்சம் சுலபம்: அயோடினுக்கு நிறம் மாறாத வெள்ளைத் துணுக்குகள், வினிகர் சொட்டு விட்டால் குமிழிவிடும்.

அதனால் ஃபோல்ட்ஸ்கோப்பை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சந்தேகம் கிளப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. சந்தேகம் வலுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொடுப்பதுதான் வழி.

தேனும் இதே கதைதான். ஒரு பங்கு தேன், இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், உயரமான குறுகிய பாட்டிலில் ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தால் மகரந்தம் தெரியும், பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரானுக்குள். மகரந்தம் இருப்பதால் பாகு கலக்கவில்லை என்று ஆகாது. நல்ல தேனில் பாகு ஊற்றினாலும் மகரந்தம் இருக்கத்தானே செய்யும்! நன்றாக வடிகட்டிய தேனில் மகரந்தம் குறைவாக இருக்கும்.

குளத்து நீருக்கு வருவோம். மேல்தண்ணீரை மொண்டு பார்த்தால் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். நீருக்குள் இருக்கும் தண்டு, கல் இவற்றின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரின் அடிப்படிவும் நல்ல இடம். 18 மி.மீ. கவர் ஸ்லிப்புக்கு அரைச் சொட்டு போதும். முழுச் சொட்டு விட்டால் கவர் ஸ்லிப் மிதந்து, நீர் லென்ஸில் ஒட்டும். விளிம்பைச் சுற்றி வாசலின் மெலிதாகத் தடவினால் சில மணி நேரம் உலராது.

ஊரில் குளம் இல்லாதவர்கள் வைக்கோல் ஊறல் போடலாம். ஒரு கைப்பிடி வைக்கோலை அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தொட்டித் தட்டு நீர் இரண்டு கரண்டி ஊற்றி, மூடாமல் நிழலில் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே ஆடை படியும், அது பாக்டீரியா. அதைத் தின்னப் பிறகு சின்னஞ்சிறியவை வரும், ஒரு வாரத்தில் பரமீசியம் போன்ற பெரியவை வரும். நாற்றம் முட்டையழுகல் போல இருந்தால் காற்று போதவில்லை. வைக்கோலைக் குறைத்து மறுபடி போடவும். பரமீசியம் திரையைக் கடந்து ஓடுவது கண் இமைக்கும் நேரம்தான். பஞ்சிலிருந்து நாலைந்து இழை பிரித்து சொட்டுக்குள் போட்டால் வேலிக்குள் மாட்டிய ஆடு போல நின்று சுற்றும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அசைகிறது என்றால் உயிர் என்ற முடிவுக்கு எல்லாரும் முதலில் வந்துவிடுவார்கள். ஒரு சொட்டுப் பாலை இருபது சொட்டுத் தண்ணீரில் கலந்து பாருங்கள். கொழுப்புத் துளிகளில் மிகச் சிறியவை நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். 1827-இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்துக்குள் இருந்த துகள்களில் இதைத்தான் பார்த்தார். உயிரின் அடையாளமோ என்ற ஐயத்தில் கண்ணாடியை அரைத்துப் பார்த்தார், கற்களை அரைத்துப் பார்த்தார், எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் சிலைத் துணுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் நடுங்கின. ஏன் என்பதற்கு 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குச் சொல்லும் வரை சுமார் எண்பது ஆண்டுகள் திருப்தியான விடை இல்லை. உங்கள் ஸ்லைடில் வேறுபடுத்த வழி: நடுங்குவது எந்தத் திசையிலும் போய்ச் சேராது. எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது நீரோட்டம், ஓரத்தில் நீர் உலர்கிறது என்று பொருள். பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாமல் திரும்பி, நின்று, வேறு திசையில் போனால்தான் நீந்துவது. அதிலும் சந்தேகமென்றால் அந்த நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பார்க்கலாம். அப்போதும் நடுங்கினால் உயிரில்லை.

கண்ணை நம்ப முடியாத இன்னொரு இடம் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்கு. தொட்டித் தட்டிலும் பாசியிலும் தாராளமாகக் கிடைக்கும், கால் மில்லிமீட்டர் உடம்பு, அட்டை போல நீண்டு சுருங்கி நடக்கும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தலையைத் திறந்ததும் இரண்டு பல்சக்கரங்கள் சுழல்வது பட்டவர்த்தனமாகத் தெரியும். எதுவும் சுழலவில்லை. வட்டமாக நிற்கும் நுண்ணிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி நிமிர்வது, வயலில் காற்றடித்தால் நெற்கதிர் அலை ஓடுவது போல, சுழற்சியாகத் தெரிகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டினால் அலை கொஞ்சம் பிடிபடும். போன் கேமரா தன் பங்குக்குச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றவைத்துக் குழப்பவும் செய்யும்.

இந்த நடக்கும் வகை ரோட்டிஃபர்களுக்கு டெல்லாய்டு என்று பெயர். நானூற்றுக்கு மேல் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றில்கூட ஆணைக் கண்டதில்லை. கலவி இல்லாத உயிர்கள் நீண்ட காலம் நிலைக்காது என்று பாடம் சொல்கிறது. இவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக எப்படி நிலைத்தன என்பதற்கு விளக்கங்கள் பல உண்டு. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று இல்லை. மொட்டைமாடித் தொட்டித் தட்டில் இருப்பதற்கே இந்த நிலை. பக்கத்திலேயே படகு போல வழுக்கிப் போகும் டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசிகளுக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. சிலிக்கா ஓட்டின் கீறல் வழியாகப் பிசின் போன்ற ஒன்றைக் கசியவிட்டு நகர்கின்றன என்பது வரை சரி, அந்தத் தள்ளுவிசை துல்லியமாக எப்படி எழுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது.

காய்ந்த சுவர்ப் பாசியைக் கிண்ணத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக் கால் நீர்க்கரடி (டார்டிகிரேட் என்ற நுண்விலங்கு) கிடைக்கும். இதற்கு 140 மடங்கு அதிகம். பார்வை வட்டம் சிறியதால் தேடிச் சலித்துவிடும். முதலில் 10 மடங்குக் கைலென்ஸில் கறுப்புத் தட்டின் மேல் தேடி, நெளியும் புள்ளியைச் சொட்டுக்குழாயால் எடுத்து ஸ்லைடுக்கு மாற்றுங்கள். பார்த்ததும் ‘நீர்க்கரடி’ என்று எழுதலாம். எந்த நீர்க்கரடி என்று எழுத முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நகத்தின் அமைப்பு, வாய்க்குழல், சிலவற்றில் முட்டை ஓட்டின் வேலைப்பாடு வரை பார்த்தால்தான் இனம் பிரிப்பார்கள், அதற்கு ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பார்க்கும் லென்ஸ் வேண்டும்.

ஆகவே குறிப்பேட்டில் பெயருக்கு முன்னால் ஐந்து விஷயங்களை எழுதும் பழக்கம் நல்லது: இடமும் தேதியும், நீளம் மைக்ரானில், நிறம், நகரும் விதம், கையால் ஒரு படம். பெயர்க் கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அழிக்க வேண்டிவரும். கூகுள் லென்ஸிலும் செயலிகளிலும் படத்தைப் போட்டால் ஒரு பெயர் வந்துவிழும். அளவு தெரியாத படத்துக்கு அது சொல்லும் பெயரை எழுதுவதைவிட கட்டத்தைக் காலியாக விடுவது மேல்.

மாற்று உண்டா என்றால் உண்டு. 4, 10, 40 லென்ஸ்கள் கொண்ட மாணவர் நுண்ணோக்கி, 10 மடங்குக் கண்லென்ஸோடு 40, 100, 400 மடங்கு தரும். 40 லென்ஸின் ஒளித்துளை எண் (எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதன் அளவு) 0.65 என்றால் அரை மைக்ரான் வரை பிரிக்கும்; ஃபோல்ட்ஸ்கோப்பைவிட நான்கு மடங்கு கூர்மை. பாக்டீரியா புள்ளிகளாகவாவது தெரியும், ஃபோகஸ் திருகு நிலையாக நிற்கும். விலையும் எடையும் அதற்கேற்ப. குளக்கரைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஃபோல்ட்ஸ்கோப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம், கீழே விழுந்தாலும் உடையாது. வகுப்பறைக்கு என்றால் நாற்பது பேருக்கு நாற்பது வாங்குவதைவிட, எட்டு வாங்கி, ஒன்றை ஆசிரியர் போனில் பொருத்தித் திரையில் காட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெட்டியில் பல துணைப்பொருள்கள் உள்ள பெரிய தொகுப்பு வேண்டாம். அடிப்படைத் தொகுப்பும், அறிவியல் உபகரணக் கடையில் தனியாக வாங்கும் கண்ணாடி ஸ்லைடு, 18 மி.மீ. கவர் ஸ்லிப் பெட்டி ஒவ்வொன்றும் போதும். தொகுப்போடு வரும் தாள் ஸ்லைடுகளில் நீர் மாதிரி வைத்தால் ஒட்டுத்தாள் விலகிக் கசியும். அவை இறக்கை, மகரந்தம் போன்ற உலர்ந்தவற்றுக்கு மட்டும். லென்ஸில் விரல் பட்டுவிட்டால் சட்டைத் துணியால் துடைக்காமல், காதுக் குச்சியின் பஞ்சில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம் தொட்டு ஒரே திசையில் ஒற்றி எடுங்கள். மாதிரி நீர் லென்ஸில் ஒட்டினால் உலரும் முன் துடைக்க வேண்டும். உலர்ந்த உப்புக்கறை அடுத்த ஸ்லைடில் புது உயிரினமாகத் தெரியும்.